பதினோரு தோட்டாவும் ஒரு டீ டின்னும்

கெட்டுப்போவாதுன்னு யாரும்மா சொன்னா ஒனக்கு? நவமணி, நீ ஈப்போ டவுன்ல பொறந்த புள்ள. ஒங்க ஊருல உப்பு உப்பாவே இருக்கும். என் மவன கட்டிக்கிட்டு இந்த மலைக்கு வந்து நாலு மாசம் ஆச்சே, என் உப்பு ஜாடிய தொறந்து பாத்தியா? உப்பா இருக்கு அதுல? தண்ணிதான் நிக்குது. கொழம்புக்கு உப்ப அள்ளிப் போடுறதில்ல நான், மொண்டு ஊத்துறேன். நீ என்னடான்னா, "தோட்டா இரும்பு சாமான்தான அத்த, அது என்ன சோறா கொழம்பா, ஊசிப்போறதுக்கு"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிற.

சிரி, சிரி. ஒங்க மாமாவும் இதேதான் சொன்னாரு. அந்தச் சிரிப்பு ஏழு வருசம் கழிச்சு போலீஸ் ஜீப்ப இந்த வாசலுக்குக் கூட்டியாந்துச்சு.

மொதல்ல தோட்டான்னா என்னான்னு தெரிஞ்சுக்க. பன்னி சுடுற தோட்டா அந்தக் காலத்துல காயிதம். கெட்டிக் காயிதத்தக் கொழாயாட்டம் சுருட்டி, அடியில பித்தள மூடி வெச்சிருப்பான். உள்ள மருந்து, அதுக்கு மேல சக்கை, அதுக்கு மேல ஈயக் குண்டு. செவப்பா, என் கட்டவெரல் மொத்தத்துக்கு அழகா இருக்கும். ஆனா காயிதம் காயிதந்தான? இந்த ஊரு பனியில காயிதம் என்னா ஆவும்? அந்தா, சாமி படத்துக்குப் பக்கத்துல எங்க கல்யாண போட்டோ மாட்டியிருக்கு பாரு. என் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கா? ஒங்க மாமா மூஞ்சில மட்டும் பச்சப்பசேல்னு பூஞ்சை. நான் ஒண்ணும் பண்ணலம்மா. பனிக்கே ஆளு தெரியுது.

அந்தப் போட்டோவ ஞாபகம் வெச்சுக்க. அதுக்கும் இந்தக் கதையில வேல இருக்கு.

ஒங்க மாமா ஸ்டோருல டிரையர்ல வேல. ஸ்டோருன்னா தேயில ஃபேக்டரி. பச்சக் கொழுந்த வாட்டி, அரச்சு, கடைசியா சூட்டுல காய வெக்கிற மெசினு இருக்குல்ல, அதுக்கு இவருதான் ராஜா. முப்பது வருசம் ஈரத்தோட சண்ட போட்ட மனுசன். அதனால ஒலகத்துல எந்த சாமானுக்கு ஈரம் ஏறுனாலும் தனக்குத்தான் வைத்தியம் தெரியும்னு ஒரு நெனப்பு. எங்க ஆத்தா செத்தப்ப மழையில நனஞ்சு வந்த மச்சானக் கூட இப்பிடி அப்பிடித் திருப்பிப் பாத்து, "இன்னும் அர மணி நேரம் அடுப்புக்கிட்ட நிக்கணும்"னாரு.

அறுவத்தாறுல வெள்ளக்கார தொர ஒருத்தர் இருந்தாரு. நாத்துமேட்டுல தேயில நாத்த எல்லாம் காட்டுப்பன்னி கெளறிப் போட்டுடுச்சு. தொர, இவரு பேருல லைசென்ஸ் எடுத்து, ஒரு துப்பாக்கியும் ரெண்டு பொட்டி தோட்டாவும் குடுத்தாரு. அவ்வளவுதான். அதுவரைக்கும் லயத்துல, அதான் நாம வரிசையா குடியிருக்கிற இந்தத் தோட்டத்து வீடுங்கள்ல, இவரு டிரையர் சிங்காரம். மறுநாள்லேர்ந்து துப்பாக்கி சிங்காரம். கல்யாண வீட்டுல முன் வரிசை நாற்காலி. கங்காணியே எந்திரிச்சு எடம் குடுப்பாரு. வீட்டுல மட்டும் யாரும் எந்திரிக்கல. நான் பாட்டுக்கு ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன்.

எத்தன பன்னி சுட்டாருன்னு கேக்குறியா? பத்து வருசத்துல மூணு. அதுல ஒண்ணு ஏற்கெனவே நொண்டி.

தோட்டாவ சுட்டாதான தீரும்? தீரல. சாமான் அப்பிடியே கெடந்துச்சு, எட்டு வருசம், கட்டிலுக்கு அடியில, பனியக் குடிச்சிக்கிட்டு. எழுவத்தி நாலுல ஒரு சாயங்காலம் லயத்துக்குப் பின்னால வள்ளிக்கெழங்கு பாத்தியில ஒரு பன்னி எறங்கிடுச்சு. நல்ல வெளிச்சம். லயமே கூடி நிக்குது. இவரு தலப்பா கட்டிக்கிட்டு, துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு, ஒரு நடை நடந்து போறாரு பாரு!

மொத தோட்டா. "டிக்"குன்னுச்சு. அவ்வளவுதான் சத்தம். பன்னி தலயத் தூக்கி யாருடா கூப்புட்டதுன்னு பாத்துச்சு.

ரெண்டாவது தோட்டா துப்பாக்கிக் கொழாய்க்குள்ளயே போவல. ஊதிப்போயி கெடக்குது. இவரு அமுக்குறாரு, திருகுறாரு. "அம்சா, சவுக்காரம் கொண்டா"ன்னாரு. தோட்டாவுக்குச் சோப்பு போட்ட மொத ஆளு இந்த கேமரன் மலையிலயே ஒங்க மாமாதான்.

மூணாவது போச்சு. வெடிச்சுது. வெடிச்சுதுன்னா எப்பிடி? "புஸ்ஸ்ஸு"ன்னு, கெழவன் தின்னுட்டு மூச்சு விடுற மாதிரி. ஈயக் குண்டெல்லாம் நாலடி தள்ளி, மொளவு டப்பா கவுந்த மாதிரி கொட்டுச்சு. பன்னி மிச்சக் கெழங்கையும் நிதானமா தின்னுட்டுப் போச்சு.

"தோட்டா ஊறிப்போச்சுங்க"ன்னேன்.

"ஒனக்கு என்னா தெரியும்? தோட்டா நல்ல தோட்டா. அந்தப் பன்னி தாயத்து கட்டியிருக்கு."

"எந்தக் கோயில்லங்க பன்னிக்குத் தாயத்து கட்டுறாங்க?"

"பேசாத லா. வேட்டையப் பத்திப் பொம்பளைக்கு என்னா தெரியும்?"

சரின்னு விட்டுட்டேன். கெழங்கு போனதுதான் எனக்கு வருத்தம்.

எழுவத்தாறுல தொர சீமைக்குப் போயிட்டாரு. புது மேனேஜர் வந்ததும், தோட்டத்துல துப்பாக்கியே வேணாம், லைசென்ஸ ரத்து பண்ணு, துப்பாக்கியையும் தோட்டாவையும் ரிங்லெட் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைன்னுட்டாரு. இவரு துப்பாக்கிய வெள்ளத் துணியில சுத்தி, பொண்ண கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி அழுதுக்கிட்டே கொண்டுபோயி குடுத்தாரு. தோட்டா எத்தன இருக்குன்னு கேட்டிருக்காங்க. எல்லாம் சுட்டுத் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

தீரல. பதினொண்ணு இருந்துச்சு.

அதுதான் என் வயித்துல நெருப்பு. லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டா வெச்சிருந்தாலும் ஜெயிலு. அந்த வருசம் ரேடியோவுல தெனம் அதான் பேச்சு. விஜயனுக்கு, அதான் ஒன் புருசனுக்கு, அப்ப பன்னெண்டு வயசு. இந்த மனுசன் உள்ள போயிட்டா நாளைக்கு லயத்து வீட்டயும் காலி பண்ணச் சொல்லிடுவான். வீடு தோட்டத்து வீடு. வேல போனா வீடு போச்சு.

"குடுத்துடுங்க"ன்னேன்.

"துப்பாக்கி ஒரு நாள் திரும்பி வரும். வந்தா தோட்டா வேணாமா?"

"அது என்னா கோச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியா, திரும்பி வர்றதுக்கு?"

"அம்சா, ஒனக்குப் புரியாது. அந்தப் பதினொண்ணு இருக்கிற வரைக்கும்தான் நான் துப்பாக்கி சிங்காரம்."

அப்பிடி சொல்லிட்டு, நம்ம வீட்டுலயே காஞ்ச எடம் எதுன்னு தேடுனாரு. இந்த மாதிரி லயத்து வீட்டுல ஈரம் இல்லாத எடம் ஒண்ணே ஒண்ணுதான். வெறகடுப்புக்கு மேல இருக்கிற பரணு. நான் காலயில சோத்துப் பானைய ஏத்தி வெச்சுட்டு நிமிந்து பாக்குறேன். என் தலைக்கு மேல, கருவாட்டுக்குப் பக்கத்துல, செவப்பா வரிசையா பதினோரு தோட்டா குளிர் காயுது!

அடுப்புல தண்ணிய ஊத்திட்டு வெளிய வந்துட்டேன்.

"சோறு?"

"மேல இருக்கறத எறக்குங்க, சோறு கீழ வரும்."

மூணு நாளு. மூணு நாளும் கடையில ரோட்டி சானாய் வாங்கித் தின்னாரு. நாலாவது நாளு எறக்கிட்டாரு. எறக்கி எங்க வெச்சாரு? அரிசி மூட்டையில. அரிசி ஈரத்த இழுக்குமாம். நான் அரிசி அளக்குறேன், டின்னுக்குள்ள "டங்"குங்குது. சோத்துல கல்லு வந்தா பல்லு போவும். இது வந்தா என்னா போவும்?

அங்கேர்ந்தும் எடுத்தாச்சு. அடுத்து சாமி மாடம். வெளக்கு எரியுற எடம், சூடு இருக்கும்ல? முனியாண்டி படத்துக்குப் பின்னால வெச்சிருக்காரு. வெள்ளிக்கெழம நான் சூடம் ஏத்தி மூணு சுத்து சுத்திட்டுப் பாக்குறேன், சாமி தோளுக்குப் பின்னால செவப்பா ஒண்ணு எட்டிப் பாக்குது. நான் போட்ட சத்தத்துல அடுத்த வீட்டு வேலாயி சாமி வந்துடுச்சுன்னு தண்ணி சொம்போட ஓடியாந்துட்டா.

அன்னிக்கு ஒரு முடிவு பண்ணேன். "இன்னிக்குள்ள இது வெளிய போவணும். இல்ல நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன், திரிங்காப்புக்கு."

சாயங்காலம் வந்தாரு. மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு, "ரிங்லெட் ஏரியில போட்டுட்டேன்"னாரு.

"சத்தியமா?"

"முனியாண்டி சத்தியமா."

எந்த முனியாண்டின்னு நான் கேக்கல. அது என் தப்பு. லயத்துல மட்டும் மூணு முனியாண்டி இருந்தானுங்க.

ஒரு வாரம் நிம்மதியா இருந்தேன். எட்டாவது நாளு காலயில டீ போட்டேன். ஒரு வாய் குடிச்சேன். கீழ வெச்சேன். திரும்ப ஒரு வாய் குடிச்சேன்.

நவமணி, டீக்கு ஒரு கொணம் இருக்கு. பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்த இழுத்துக்கும். இந்த வேலாயி இருக்காளே, கல்யாணம் ஆன புதுசுல ஒரு கூட மல்லியப்பூவ தலையில வெச்சுக்கிட்டு ஸ்டோருக்குள்ள போயிட்டா. இந்த மனுசன்தான் அவள வெளிய தொரத்துனாரு. "தேயில பூ வாசம் புடிச்சுக்கிட்டா லண்டன்ல திருப்பி அனுப்பிடுவான்"னு. வேலாயி அன்னிக்கு அழுதுட்டா பாவம். அவ புருசன் ஒரு மாசம் இவரோட பேசல. அப்புறம் பன்னிக்கறி குடுத்து சமாதானம் ஆச்சு. அந்த நொண்டிப் பன்னிதான்... எங்க விட்டேன்? ஆங், டீ.

டீயில நெருப்புக்குச்சி மருந்து வாசம். கூடவே துப்பாக்கிக்குப் போடுற எண்ண வாசம்.

எனக்கு வெளங்கிடுச்சு. ஆனா வாயத் தொறக்கல. அவருக்கும் ஒரு டம்ளர் நெறய ஊத்திக் குடுத்தேன்.

"டீ எப்பிடிங்க இருக்கு?"

உறிஞ்சாரு. கண்ண மூடுனாரு. "ஆகா. நல்ல மணம்."

அப்பவே இருவது வருசம் டிரையருக்கு முன்னால தூசிய இழுத்த மூக்கு. கூடவே மூக்குப்பொடி வேற. மல்லிப்பூவக் கண்ணால பாத்துதான் புடிச்சிருப்பாரு போல. மூக்கு இருக்கு, அழகுக்கு.

அவரு வேலைக்குப் போனதும் டீ டின்ன தொறந்தேன். அது பெரிய பிஸ்கட் டின்னு, தோட்டத்துல குடுக்குற தேயிலய அதுலதான் போட்டு வெப்போம். தேயிலய கெளறிக்கிட்டே போனா, அடியில பதினோரு உருண்ட. தேயிலப் பொட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள் இருக்குல்ல, அத ஸ்டோருலேர்ந்து கொண்டாந்து ஒவ்வொண்ணா சுத்தி, சும்மா மாப்பிள்ள மாதிரி படுக்க வெச்சிருக்காரு. காஞ்ச தேயில ஈரத்த உள்ள விடாதுன்னு கணக்கு. டிரையர்காரரு புத்திய பாத்தியா? தோட்டாவையும் கொழுந்துன்னு நெனச்சுட்டாரு.

ஒண்ண பிரிச்சுப் பாத்தேன். காயிதம் இட்டிலி மாதிரி ஊதிப்போயி, பித்தளயில பச்சக் களிம்பு. செத்தும் பல வருசம் ஆச்சு.

அப்ப நான் யோசிச்சேன். தூக்கிப் போட்டா என்னா ஆவும்? சண்ட போடுவாரு. அப்புறம் கவுரவத்துக்காவ வேற எங்கயாச்சும் தோட்டா தேடுவாரு. அவருக்கு வேணுங்கறது தோட்டா இல்ல. தோட்டா இருக்குங்கற நெனப்பு. எனக்கு வேணுங்கறது, தோட்டா இருக்கக்கூடாது. ரெண்டுக்கும் ஒரே டின்னுல எடம் இருக்கே!

முழு கொட்டப்பாக்க எடுத்தேன். ரெண்டு பாக்க ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஈயத்தாள்ல சுருட்டுனா, சரியா ஒரு தோட்டா நீளம். பதினோரு சுருட்டு. கனம் கொறயுதேன்னு அடியில ஒடஞ்ச அம்மிக் கல்லு ஒரு துண்டு போட்டேன். மேல தேயிலயக் கொட்டி மூடிட்டேன். ஆட்டிப் பாத்தேன். அதே சத்தம்.

மறுநாளு கொழுந்து பறிக்கிற வேலைக்கு லீவு போட்டுட்டு ரிங்லெட் பஸ் ஏறுனேன். கையில டிபன் கேரியர். மேல் தட்டுல கருவாட்டு சம்பல், கீழ் தட்டுல பதினோரு தோட்டா. பக்கத்துல ஒக்காந்த சீனக் கெழவி சம்பல் வாசத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குறா. கேட்டுடுவாளோன்னு எனக்கு உசிரே இல்ல.

ஸ்டேசன்ல அப்ப வீரப்பன் கோப்ரல். நம்மாளு. ஒதுக்குப்பொறமா கூப்புட்டு கீழ் தட்டத் தொறந்து காட்டுனேன். அப்பிடியே ரெண்டு அடி பின்னால போயிட்டான்.

"அக்கா! எங்க கெடச்சுது இது?"

"பரண ஒதுக்குனேன் தம்பி. இருந்துச்சு."

"யாரு வெச்சது?"

"எலி."

என்னப் பாத்தான். தோட்டாவ பாத்தான். "ஏன்க்கா, அந்த எலிக்கு மீச இருக்கா?"

"மீசையும் இருக்கு, முன்கோவமும் இருக்கு. புள்ள ஒண்ணு படிக்குது தம்பி. நீயே பாத்து செய்யி."

ஒரு தோட்டாவ மெதுவா எடுத்துப் பாத்துட்டுத் தலய ஆட்டுனான். "ஈரத்துல கெட்ட தோட்டா புதுத் தோட்டாவவிட மோசம்க்கா. வெடிக்காதுன்னு தொறந்து பாப்பாங்க, அப்ப வெடிக்கும். இல்லன்னா பாதி வெடிச்சு சக்கை கொழாய்க்குள்ளயே அடச்சுக்கும். அது தெரியாம அடுத்தத சுட்டா கொழாயே பொளந்து மூஞ்சிக்கு வரும். ஒங்க எலி பொழச்சது பெரிய விசயம்."

எனக்கு அந்தக் கெழங்குப் பாத்தி ஞாபகம் வந்துருச்சு. நல்ல வேள, அன்னிக்கு நாலாவது தோட்டா போடாம விட்டாரு. பன்னிக்குத் தாயத்து இருந்துச்சோ என்னவோ, என் தாலிக்கு இருந்துச்சு.

வீரப்பன் பெரியவங்ககிட்ட சொல்லி, சுத்தம் பண்ணப்ப கெடச்ச கெட்டுப்போன பழைய தோட்டா பதினொண்ணு ஒப்படைக்கப்பட்டதுன்னு சீல் குத்தி ஒரு கடுதாசி குடுத்தான். சம்பல அவனுக்கே குடுத்துட்டு வந்துட்டேன். கடுதாசிய கல்யாண போட்டோவுக்குப் பின்னால சொருவுனேன். சரியா அவரு மூஞ்சிக்குப் பின்னால.

இங்கதான் வேடிக்க. அந்த வாரமே டின்ன அவரு எடுத்துட்டாரு. "இந்தத் தேயில பழசு, ஒனக்குப் புது டின்னு வாங்கித் தர்றேன்"னாரு. மூடியச் சுத்தி மெழுவுத்திரிய உருக்கி ஊத்தி, மேல துணிய சுத்தி, பழைய லைசென்ஸ் பேப்பரெல்லாம் உள்ள இருக்குன்னு எங்கிட்ட சொல்லிட்டு, தலமாட்டுல வெச்சுக்கிட்டாரு. தொறந்தா பனி உள்ள போயிரும்னு அவரு சட்டம். அதனால தொறக்கவே இல்ல. ஏழு வருசம்! வெயில் அடிச்சா வெளிய வெப்பாரு. பனி எறங்குனா உள்ள கொண்டாருவாரு. மழக்காலத்துல போர்வை போத்துவாரு. எனக்குப் போத்துனதில்ல. ஆட்டி ஆட்டிக் காதுல வெச்சுக் கேட்டுட்டு சிரிச்சிக்குவாரு. நான் வெத்தல மென்னுக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன்.

எம்பத்தி மூணுல அவரு வாயி சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கள்ளுக்கடையில யாரோ இவர டிரையர் சிங்காரம்னு கூப்புட்டுட்டான். ரோசம் வந்து, "எங்கிட்ட பதினோரு தோட்டா இருக்குடா இன்னும், நேத்து செஞ்ச மாதிரி"ன்னு மேசையத் தட்டியிருக்காரு. சேதி நடந்து நடந்து ஸ்டேசனுக்குப் போயிருச்சு.

ஞாயித்துக்கெழம காலயில ஜீப் வந்து நிக்குது. புதுசா வந்த மலாய்க்கார இன்ஸ்பெக்டரு, சின்ன வயசு. கூட நம்ம வீரப்பன், இப்ப சார்ஜன். லயம் பூரா கூடிருச்சு. இவரு அப்பத்தான் டின்ன வெயில்ல வெச்சுட்டுப் பக்கத்துல ஒக்காந்திருக்காரு. இந்தக் குளுருல மனுசனுக்கு வேர்வை ஊத்துது.

இன்ஸ்பெக்டரு டின்ன காட்டி, "சியாப்பா பூஞா?"ங்குறாரு. யாரோடதுன்னு.

ஒங்க மாமா நாக்க நனச்சுக்கிட்டாரு. "பொண்டாட்டியோடது"ன்னாரு.

கேட்டியா? இருவத்தேழு வருசம் சோறாக்கிப் போட்டேன். அப்பிடியே என் பக்கம் கைய நீட்டுறாரு!

நான் முந்தானைய இடுப்புல சொருவிக்கிட்டு முன்னால வந்தேன். "ஆமாங்கையா. என்னோடதுதான்."

இன்ஸ்பெக்டரு ஒரு எட்டு என் பக்கம் வந்தாரு. அவ்வளவுதான், ஒங்க மாமா தொபுக்கடீர்னு அவரு கால்ல விழுந்துட்டாரு.

"ஐயா, பொய்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது! என்னோடதுதான். பதினோரு தோட்டா! அறுவத்தாறுல தொர குடுத்தது! நான்தான் ஒளிச்சேன்! பரண்ல வெச்சேன், அரிசியில வெச்சேன், சாமி பின்னால வெச்சேன்! என்னக் கொண்டுபோங்க, அவள விட்டுருங்க!"

கேக்காததெல்லாம் சொல்லிட்டாரு. அந்த நொண்டிப் பன்னியக் கூட ஒத்துக்கிட்டாரு. நான் சிரிக்கணும்னுதான் நின்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, என்னா பண்றது. வீரப்பன் மட்டும் மீசையத் தடவிக்கிட்டு மானத்தப் பாத்துக்கிட்டு நிக்குறான்.

மெழுவ கீறித் தொறந்தாங்க. இன்ஸ்பெக்டரு தேயிலைக்குள்ள கைய விட்டு ஒரு சுருட்ட எடுத்தாரு. ஒங்க மாமா கண்ண இறுக்கி மூடிட்டாரு. இன்ஸ்பெக்டரு ஈயத்தாளப் பிரிச்சாரு.

"அப்பா இனி?"ன்னாரு. என்னா இதுன்னு.

"பினாங்"னு நான் சொன்னேன். பாக்கு.

ரெண்டாவத பிரிச்சாரு. பாக்கு. மூணாவது. பாக்கு. பதினொண்ணும் பாக்கு. கடைசியா அம்மிக்கல்லு.

நான் உள்ள போயி போட்டோவக் கழட்டி, அவரு மூஞ்சிக்குப் பின்னாலேர்ந்து கடுதாசிய உருவியாந்து குடுத்தேன். வீரப்பன் இன்ஸ்பெக்டருக்குப் படிச்சுக் காட்டுனான். "அந்தப் பதினொண்ணும் எழுவத்தாறுலயே ஸ்டேசனுக்கு வந்துருச்சு துவான். நான்தான் வாங்குனேன்." அப்புறம் ஒங்க மாமாவத் தூக்கி நிறுத்தி, சட்ட மண்ணத் தட்டிவிட்டான். "எந்திரிங்க அண்ணே. லைசென்ஸ் இல்லாம பாக்கு வெச்சிருந்தா கேஸ் கெடையாது."

லயத்துல கெளம்புன சிரிப்பு பிரிஞ்சாங் டவுன் பாசார் வரைக்கும் கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டரு ரெண்டு பாக்க பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு, அவங்க பாட்டி வெத்தல போடுவாங்களாம்.

ஜீப் போயிருச்சு. ஒங்க மாமா நின்ன எடத்துலயே நிக்குறாரு. என்னைப் பாக்கல. டின்னையே பாக்குறாரு. அழப்போறாருன்னுதான் நான் நெனச்சேன். குனிஞ்சு ஒரு பாக்க எடுத்தாரு. வெயில்ல புடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கடிச்சாரு. "படக்"குன்னுச்சு.

"அம்சா! ஏழு வருசம்! ஒரு பொட்டு பூஞ்சை இல்ல பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, என் டின்னுல ஈரம் ஏறாதுன்னு!"

என்னா சொல்லுவ இந்த மனுசனுக்கு?

ஆனா நெசந்தான் நவமணி. இந்த மலையில ஏழு வருசம் கெடாத பாக்க நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அவரு வைத்தியம் சரியான வைத்தியம். நோயாளி வர்றதுக்கு முந்தியே செத்துட்டான், அவ்வளவுதான்.

ரெண்டு நாளு எங்கிட்ட பேசல. எல்லாரும் டிரையர் சிங்காரம்னே கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க, அதான் வேதன. மூணாவது நாளு நான் ஒரு கட்டு அப்பளத்த கொண்டுபோயி முன்னால வெச்சேன். "இது நாலே நாள்ல நமுத்துப்போவுதுங்க. ஈரம் ஏறாம வெக்க ஒங்கள விட்டா இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா?"ன்னேன். அப்பிடியே நிமிந்து ஒக்காந்தாரு. அன்னிக்குப் புடிச்சது. இப்ப நெருப்புப்பொட்டிக்கு ஒரு டின்னு, பாக்குக்கு ஒரு டின்னு, அப்பளத்துக்கு ஒரு டின்னு. வேலாயி கூட அவ அப்பளத்த இங்கதான் குடுத்து வெக்கிறா. நான் ஒரு பொருளக் காய வெச்சு ரெண்டு வருசம் ஆச்சு.

அந்தா வெயில்ல ஒரு டின்ன மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு. விஜயன் ஒங்கிட்ட தோட்டா டின்னுன்னு சொன்னானே, அதேதான். இப்ப என்னா இருக்குன்னு கேக்குறியா? இரு. அய்யய்யோ, மேட்டுலேர்ந்து பனி எறங்குது. அடுப்புல எண்ணயும் காஞ்சிருச்சு. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாதான் மனுசன் எந்திரிப்பாரு, வேடிக்கையப் பாரு.

ஏங்க! துப்பாக்கி சிங்காரம்! பனி வந்துருச்சு, அப்பளத்த உள்ள கொண்டாங்க!